படித்துறையில் ஒரு கேள்வி

பாபநாசம் படித்துறையில் ஸ்நானம் முடித்து வேஷ்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். என் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "ஸார், மார்ச்சில் ஜயித்த பாஞ்சாலங்குறிச்சி மே மாதம் ஏன் தோற்றது?" என்றான். பதினெட்டு வருஷமாக வீரத்தை மட்டுமே பாடமாகச் சொல்லி வந்த எனக்குச் சட்டென்று விடை வரவில்லை.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் எழுப்பினார். மார்ச் 31-இல் கும்பெனிப் படை அந்த மண்சுவரில் மோதித் தோற்றது. நம்மவர் போர்முறையில் குறையொன்றுமில்லை. ஆனால் தென்னாட்டில் தன்னைத் தவிர வேறெவர் கையிலும் ஆயுதம் இருக்கலாகாது என்பது கும்பெனியின் ராஜ்யக் கொள்கை. டிசம்பரில் அதைப் பிரகடனமாகவே வெளியிட்டார்கள். ஒரு தோல்வியால் கொள்கை மாறவில்லை. அதற்கேற்ற வியூகம், வியூகத்துக்கேற்ற பீரங்கி, வெளியூர்ப் பட்டாளம். மே 24-இல் கோட்டை விழுந்தது.

நம் பக்கமோ? எட்டயபுரம் கும்பெனியோடு நின்றது. எல்லா ஜாதியாரும் ஒன்றுசேர அழைத்த சின்ன மருதுவின் திருச்சி அறிக்கை ஜூன் 16-இல்தான் ஒட்டப்பட்டது. மூன்று வாரம் பிந்திவிட்டது!

"அப்படியானால் வீரம் வீணா, ஸார்?" என்றான் பையன். இல்லையென்றேன். ஆனாலும் மறுநாள் வகுப்பில் கதையைத் தொடங்குமுன் அந்த மூன்று தேதிகளையும் கரும்பலகையில் எழுதினேன்.