ஜன்னலில் ஒரு கேள்விக்குறி!

லண்டன் போனால் எல்லோரும் பிக்பென் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். நீங்க ஒரு நிமிஷம் பார்த்துட்டு, ரோட்டைத் தாண்டி வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள்ள நுழைஞ்சிடுங்க. 1066-லிருந்து இங்கிலாந்து ராஜா ராணிகளுக்கு முடிசூட்டுகிற தேவாலயம். 2023-ல் மூன்றாம் சார்லஸுக்குக் கிரீடம் வைத்ததும் இங்கேதான். உள்ளே போக டிக்கெட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, அன்னிக்கு வழிபாடு மட்டும்தான்.

உள்ளே 'கவிஞர்கள் மூலை' என்று ஒரு பகுதி. அங்கே ஆங்கிலக் கவிதையின் தாத்தா சாஸரின் கல்லறைக்கு மேலே ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் சில எழுத்தாளர்களின் பெயர்கள். ஆஸ்கார் வைல்ட்கூட இருக்கார். நாம தேடுறது கிறிஸ்டோபர் மார்லோ. பிறப்பு 1564, இறப்பு 1593. ஆனா, அந்த 1593-க்கு முன்னாடி ஒரு கேள்விக்குறி! செத்த வருஷத்துக்கே டவுட்டா? 2002-ல் மார்லோ சொசைட்டி என்ற ரசிகர் சங்கம் முன்நின்று வைத்த நினைவுச்சின்னம் இது. அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் ராணி, மதம், உளவு, கொலை, ஷேக்ஸ்பியர் என்று ஒரு முழுநீளப் படமே இருக்கு.

ஜன்னல் எங்கேயும் போயிடாது. முதலில் கிழக்குக் கோடியில் ஏழாம் ஹென்றி கட்டிய சேப்பலுக்கு வாங்க. இடதுபக்கம் முதலாம் எலிசபெத் பளிங்குச் சிலையாகப் படுத்திருக்கிறார். அவருக்குக் கீழே, அதே கல்லறைக்குள், அக்கா மேரி. அக்காவுக்குச் சிலைகூடக் கிடையாது, கல்வெட்டில் பெயர் மட்டும்தான். ஆட்சியிலும் கல்லறையிலும் இருவரும் பங்காளிகள் என்ற அர்த்தத்தில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். நம்ம ஊர் 'பங்காளி' அர்த்தத்திலும் அது ரொம்பச் சரி!

அப்பா எட்டாம் ஹென்றி 1534-ல் போப்பை உதறிவிட்டு, 'இங்கிலாந்து திருச்சபைக்கு நானே தலைவன்' என்று அறிவித்தார். தம்பி எட்வர்டு நாட்டை இன்னும் தீவிரமாகப் புராட்டஸ்டன்ட் பக்கம் தள்ளினார். 1553-ல் வந்த மேரி மறுபடி போப் பக்கம் திரும்பி, சுமார் 280 பேரை உயிரோடு எரித்தார். 1558-ல் எலிசபெத் வந்ததும் திரும்பவும் புராட்டஸ்டன்ட். 25 வருஷத்துக்குள்ள ஒரு நாடு இத்தனை தடவை சாமி கும்பிடும் முறையை மாத்தினா ஜனங்க என்னதான் பண்ணுவாங்க? இந்தக் கட்டடமே அதற்குச் சாட்சி. இங்கே இருந்த துறவிகளை 1540-ல் வெளியேற்றினார்கள், 1556-ல் திரும்பக் கூட்டிவந்தார்கள், 1559-ல் மறுபடி வெளியே!

அதே சேப்பலின் வலதுபக்கம் போனால் இன்னொரு மேரி. ஸ்காட்லாந்து ராணி, கத்தோலிக்கர். எலிசபெத்தைக் கொன்றுவிட்டு இவரை அரியணையில் ஏற்ற 1586-ல் பேபிங்டன் என்ற இளைஞர் ஒரு சதி போட்டார். அந்தக் கூட்டத்தோடு நண்பனாகப் பழகிய ஓர் அரசாங்க உளவாளியின் பெயர் ராபர்ட் போலி. (பெயர்ப் பொருத்தம் பிரமாதம்!) சதி அம்பலமாகி 1587-ல் மேரியின் தலை போனது. பின்னாளில் ராஜாவான அவர் மகன் ஜேம்ஸ், 1612-ல் அம்மாவின் உடலை இங்கே கொண்டுவந்தார். எலிசபெத்துக்குக் கல்லறை கட்டியவரும் இதே ஜேம்ஸ்தான். போலியை மட்டும் மறந்துடாதீங்க, திரும்ப வருவார்.

இனி கவிஞர்கள் மூலைக்கே திரும்பலாம். அங்கே கையில் புத்தகத்தோடு ஒரு சிலை. வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன். 1579-ல், எலிசபெத் ஒரு பிரெஞ்சு கத்தோலிக்க இளவரசரைக் கல்யாணம் செய்யக் கூடாது என்று ஜான் ஸ்டப்ஸ் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். தண்டனை, எழுதிய வலதுகையை வெட்டுவது. இதே வெஸ்ட்மின்ஸ்டரில், சந்தைவெளியில் வைத்து வெட்டினார்கள். மிச்சமிருந்த இடதுகையால் தொப்பியைத் தூக்கி, 'ராணி வாழ்க' என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாராம் ஸ்டப்ஸ். கூட்டத்தில் நின்று பார்த்து இதை எழுதிவைத்தவர்தான் கேம்டன்.

'இதை எழுதினது யாரு?' என்ற கேள்வியை இன்னிக்கு இலக்கியப் பேராசிரியர்கள் கேட்கிறாங்க. அன்னிக்கு முதலில் கேட்டது அரசாங்கம்! 1588-89-ல் பிஷப்புகளை நக்கலடித்து 'மார்ட்டின் மார்பிரலேட்' என்ற புனைபெயரில் ரகசியப் பிரசுரங்கள் வந்தன. அச்சு இயந்திரத்தையே வீடு வீடாக மாற்றி ஒளித்து அடித்தார்கள். எழுதியவர் யார் என்று இன்றுவரை தகராறு. அந்தக் கும்பலோடு தொடர்புடைய ஜான் பென்ரியை 1593 மே 29-ம் தேதி தூக்கில் போட்டார்கள்.

மறுநாள், மே 30. நம்ம ஜன்னல்காரரோட நாள்.

மார்லோ, கேன்டர்பரியில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். கேம்பிரிட்ஜில் படித்தபோது நீண்ட நாட்கள் காலேஜ் பக்கமே காணோம். கத்தோலிக்கரோடு சேர்ந்துவிடுவார் என்று வதந்தி வேறு. பல்கலைக்கழகம் டிகிரி தரத் தயங்க, 1587-ல் ராணியின் ஆலோசனைச் சபையே கடிதம் எழுதியது. 'இவர் ராணிக்கு நல்ல சேவை செய்திருக்கிறார், பட்டத்தைக் கொடுங்கள்.' என்ன சேவை என்று சொல்லவில்லை. உளவுதான் என்பது பலருடைய ஊகம். அட்டெண்டன்ஸ் குறைஞ்சதுக்கு நாம காட்டுற மெடிக்கல் சர்டிபிகேட்டெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு! அப்புறம் 'டாம்பர்லேன்', 'டாக்டர் ஃபாஸ்டஸ்' என்று நாடகங்களில் தூள் கிளப்பினார்.

1593 மே மாதம் சக நாடகக்காரர் தாமஸ் கிட் கைதானார். அவர் அறையில் மத விரோதக் காகிதங்கள் சிக்கின. சித்திரவதைக்கு ஆளான கிட், 'அது மார்லோவோடது' என்றார். மார்லோவைப் பிடித்து, தினமும் ஆஜராகச் சொல்லி விட்டுவைத்தார்கள். பத்தே நாள். டெட்ஃபர்டில் ஒரு வீட்டில் மூன்று பேரோடு பகல் முழுக்க இருந்தார், சாப்பிட்டார். சாயங்காலம் பில் யார் கொடுப்பது என்று தகராறு. வலது கண்ணுக்கு மேலே இங்ராம் ஃப்ரைசரின் கத்தி. 29 வயசு. மற்ற இருவரில் ஒருவர்... ஆமாம், அதே போலி! தற்காப்பு என்று தீர்ப்பாகி, ஒரு மாதத்துக்குள் ஃப்ரைசருக்கு எலிசபெத் மன்னிப்பும் கொடுத்துவிட்டார். அந்த விசாரணை அறிக்கை ஆவணக் காப்பகத்தில் தூங்கிக் கிடந்து, 1925-ல்தான் வெளியே வந்தது.

இதோ ட்விஸ்ட். சாவு நடந்து இரண்டு வாரத்துக்குள் 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' என்ற கவிதைப் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் என்ற பெயரோடு அச்சில் வந்த முதல் படைப்பு அதுதான். போதாதா? 'மார்லோ சாகவில்லை, ஒளிந்துகொண்டு ஷேக்ஸ்பியர் பெயரில் எழுதினார்' என்று கிளம்பிவிட்டார்கள். கால்வின் ஹாஃப்மன் என்ற அமெரிக்கர் 1955-ல் புத்தகமே போட்டார். மறுவருஷம் மார்லோவை ஆதரித்த வால்சிங்காம் குடும்பத்துக் கல்லறையைத் திறந்து கையெழுத்துப் பிரதி தேடினார். மணல்தான் கிடைத்தது. நம்ம துறைக்காரங்களும் சும்மா இல்ல. 1901-ல் மெண்டன்ஹால் என்ற இயற்பியல் அறிஞர் வார்த்தைகளின் நீளத்தை எண்ணி கிராஃப் போட்டார். பேகன் கோடு ஷேக்ஸ்பியரோடு ஒட்டவில்லை, மார்லோ கோடு அச்சாகப் பொருந்தியது! ஆனா பாருங்க, பேகனுக்கு எண்ணியது உரைநடை, மற்ற இருவருக்கும் நாடக வசனம். ரெண்டு நாடகக்காரங்க ஒரே மாதிரி இருக்கறதுல என்ன ஆச்சர்யம்?

நான் இந்தக் கதையை நம்பலை. அந்தப் புத்தகம் ஏப்ரல் 18-ம் தேதியே அச்சுக்குப் பதிவாகிவிட்டது, கிட் கைதாவதற்கும் முன்னால். அப்போ மார்லோ எதுக்கு ஒளியணும்? விசாரணையில் 16 பேர் பிணத்தைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு விஷயமும் உறுத்துது. ஆக்ஸ்போர்டு பிரபுதான் எழுதினார், பேகன்தான் எழுதினார் என்பவர்களின் வாதத்துக்கு அடியில், கையுறை தைப்பவரின் மகனுக்கு இவ்வளவு வருமா என்ற இளக்காரம் இருக்கு. செருப்புத் தைப்பவரின் மகனுக்கு வந்ததே! நிஜம் இன்னும் சுவாரஸ்யம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2016-ல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் தொகுப்பில், 'ஆறாம் ஹென்றி' மூன்று பாகங்களிலும் மார்லோ கூட்டாசிரியர். கம்ப்யூட்டரை வைத்து நடையை அலசிச் சொன்னது.

அதனால ஜன்னல்ல கேள்விக்குறி இருக்கட்டும், இடம்தான் தப்பு. செத்தாரா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பில்லுக்காகச் செத்தாரா என்பதில்தான். கத்தோலிக்க ராணியின் தலைக்கு வழிசெய்த ஓர் உளவாளி, மத விசாரணையில் மாட்டிய ஒரு கவிஞனோடு பகல் முழுக்க என்ன பேசினான்?

நேரம் இருந்தா லண்டன் பிரிட்ஜில் ரயில் பிடித்து டெட்ஃபர்டில் இறங்குங்க. செயின்ட் நிக்கோலஸ் சர்ச் வாசல் தூண்களில் மண்டையோடும் எலும்பும் வரவேற்கும். வளாகத்தில் எங்கேயோ அடையாளமில்லாத குழியில் மார்லோ. சுவரில் ஒரு நினைவுப் பலகை மட்டும். 1593 ஜூன் 1-ம் தேதி அந்த சர்ச் பதிவேட்டில் எழுதியவர், கொன்றவன் பெயரை இங்ராமுக்குப் பதில் 'ஃபிரான்சிஸ்' என்று குறித்துவைத்திருக்கிறார்.