இரும்பும் உவரும்

வலிமைக்கு இரும்பை உவமை கூறுவது நம் வழக்கம். இரும்பு நெஞ்சம் என்கிறோம், இரும்புக்கரம் என்கிறோம். உள்நாட்டில் வாழ்ந்து, மலையையும் ஆற்றையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு இவ்வுவமை பொருந்தலாம். நான்கு புறமும் கடல் சூழ்ந்த நயினாதீவிலே பிறந்து, அத்தீவின் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியத் தொழில் செய்து முதுமை எய்திய எனக்கு, இரும்பைப் போல நிலையற்ற பொருள் பிறிதொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. கிணற்று வாளியின் பிடி, படலையின் கொளுக்கி, யன்னற் கம்பி, கூரை ஆணி ஆகிய எல்லாவற்றையும் உப்புக்காற்று மெல்ல மெல்லத் தின்று விடுவதைக் கண்டே வளர்ந்தோம். இக்காலத்தில் அந்த இரும்பைச் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் புதைத்து, அதன்கீழ் நம் பிள்ளைகளை உறங்க வைக்கிறோம். ஆதலால் இரும்பைப் பற்றிப் பேசுவது எமக்குப் பொறியியல் விவகாரம் மட்டுமன்று, வாழ்க்கை விவகாரமுமாகும்.

எங்கள் தீவின் பரப்பு நான்கு சதுரக் கிலோமீற்றரைச் சற்றே மிஞ்சும். கல், கம்பி, சீமெந்து யாவும் புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறை வரை லொறியில் வந்து, அங்கிருந்து வள்ளங்களிலேயே கடல் கடக்கின்றன. லொறியிலிருந்து இறக்குவோர் ஒரு கூலி, வள்ளத்தில் ஏற்றுவோர் ஒரு கூலி, இக்கரையில் இறக்கிச் சுமப்போர் ஒரு கூலி என, ஒரு மூடை சீமெந்து மனையடிக்கு வந்து சேருமுன் பல தோள்களைக் கடக்கிறது. சோளகக்காற்றுக் காலத்தில் அலை தெறித்து நனையாமற் கரைசேரும் கம்பிக்கட்டு அரிது. பாவனைக்கு வருமுன்னரே நோயை வாங்கிக்கொண்டு வரும் கம்பி அது.

எம் பாட்டன்மார் கட்டிய வீடுகளில் இத்தொல்லை இருக்கவில்லை. முருகைக்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினர். முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைக் கொண்டே பூசினர். வைரமேறிய பனைமரத்தை வளையாகவும் சிலாகையாகவும் இட்டுக் கூரை வேய்ந்தனர். சுவர் தடித்திருந்தது, வாசல் குறுகியிருந்தது. சுமையைத் தடிப்பினாலும் வளைவினாலும் தாங்கிய அக்கட்டடங்களுக்கு இரும்பு வேண்டியிருக்கவில்லை. நெடுந்தீவில் முருகைக்கற்களைச் சாந்தின்றியே அடுக்கிய வேலிகள் இன்றும் நிற்கின்றன. எங்கள் தீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, 12 ஆம் நூற்றாண்டுக்குரியது. யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒன்று அரசுக்கு, மூன்று உடையவனுக்கு. பண்டம் ஏற்றிவந்தது உடைந்தால் பாதிக்குப் பாதி என்று அது விதிக்கிறது. எண்ணூறு ஆண்டு உப்புக்காற்றில் கல்லின் எழுத்து நிலைத்திருக்கிறது. எண்பது ஆண்டுக்கேனும் நிற்கக்கூடிய கம்பி எங்களிடம் இல்லை.

எனினும் பழமையை வானளாவப் புகழ்ந்து, அதற்கே திரும்புவோம் என்று கூற நான் வரவில்லை. முருகைக்கல் அகழ்வதும் சுடுவதும் 1981 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் செய்யப்பட்ட திருத்தத்தினால் கரையோர வலயத்தில் தடைசெய்யப்பட்டன. அது நியாயமான தடை. முருகைப் பார் அழிந்தால் கரையும் மீனும் அழியும். பழைய கல்வீடுகளும் எல்லோருக்கும் வாய்த்தவையல்ல. கல்வீடு ஒருவனுக்கு என்றால், மண்சுவரும் ஓலைக்கூரையும் ஒன்பது பேருக்கு என்பதே அக்காலத்து நியதி.

1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லே சீமெந்தாகி எங்களிடம் மீண்டது. தென்னிலங்கையிற் கடை வைத்திருந்த தீவார் அனுப்பிய பணத்தில் ‘மேல்தட்டு’ வீடுகள் எழுந்தன. கொங்கிறீற்றுக் கூரை அந்தஸ்தின் அடையாளமாயிற்று. சீமெந்தோடு கூடவே கம்பியும் தீவுக்கு வந்தது.

கொங்கிறீற்றுக்குள் கம்பி எதற்கு? விடை எளிது. கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரும்பு இழுவையைத் தாங்கும். தட்டின்மேற் சுமை ஏறும்போது அதன் அடிப்பகுதி இழுபடுகிறது. அவ்விடத்திலேயே கம்பி கிடக்க வேண்டும். பூச்சுக்கும் இஃதே நியாயம். சீமெந்துக் கல்லுக்கும் கொங்கிறீற்றுத் தூணுக்கும் இடையே பூச்சு வெடிக்காதிருக்கக் கோழிவலையை அறைந்து பூசுகிறோம். இந்த வித்தையை உலகுக்குத் தந்தோர் அரண்மனைச் சிற்பிகள் அல்லர். 1848 இல் பிரான்சிலே லம்போ என்னும் பண்ணையாளர் கம்பிவலையிற் சீமெந்துச் சாந்தைப் பூசிப் படகு செய்தார். 1867 இல் மொனியே என்னும் தோட்டக்காரர் இரும்புவலை பொதிந்த செடித்தொட்டிக்கு உரிமம் பெற்றார். கல்வேலையிலிருந்து உயர்ந்த என்பிக் 1892 இல் தூணையும் உத்தரத்தையும் தட்டையும் ஒன்றாகப் பிணைக்கும் முறையை வகுத்தார். இன்று உலகத்தின் நகரங்களெல்லாம் இவர்களுடைய கைவேலையின்மேல் நிற்கின்றன.

நல்ல கொங்கிறீற்றுக்குள் இரும்பு துருப்பிடிப்பதில்லை. சீமெந்தின் காரத்தன்மை கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப்படலம் ஒன்றை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு உள்ளே புகுந்தால் அப்படலம் உடைகிறது. பின்னர் ஈரமும் காற்றும் தம் வேலையைச் செய்கின்றன. துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கல்லுக்குள் இடம் ஏது? ஆகவே அது கல்லைப் பிளக்கிறது. எங்களூர் முதிய மேசன் ஒருவர் இவ்வேதியியல் முழுவதையும் எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “மரம் செத்தால் உளுத்துச் சுருங்கும், வாத்தியார், இரும்பு செத்தால் வீங்கும்.”

அவர் அதைச் சொன்ன இடம் என் சின்னம்மாவின் வீடு. போரும் இடப்பெயர்வும் தின்று மிச்சம் விட்ட மனையிலே, 2011 இல் கிடைத்த உதவிப் பணத்தோடு தன் காதணிகளை ஈடுவைத்த பணத்தையும் சேர்த்துச் சின்னம்மா அவ்வீட்டைக் கட்டினார். முன்விறாந்தைக்கு மட்டும் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டார். மழைநீர் பிடிக்கவும் மிளகாய் காயவைக்கவும் உதவும் என்பது அவர் எண்ணம். ஐந்தாம் ஆண்டில் தட்டின் அடியில் கம்பி ஓடும் தடத்திலேயே மயிரிழை போல வெடிப்புக் கண்டது. சாந்து பூசி மறைத்தனர். எட்டாம் ஆண்டில் பழுப்புக் கறை வழிந்தது. வெள்ளையடித்தனர். 2023 இல், பேரப்பிள்ளை தவழும் நேரம் தப்பி ஒரு நண்பகலில், பாய் அகலத்துக்குப் பூச்சும் கொங்கிறீற்றும் பெயர்ந்து விழுந்தன. மேலே அண்ணாந்து பார்த்தால், விரற் பருமனான கம்பி ஈர்க்காகி, தொட்டாற் செதிலாய் உதிர்ந்தது. பூச்சுக்குள் இட்ட கோழிவலையோ அடையாளம் மட்டுமே. செம்மண் கோலம் போட்டாற்போல அறுகோண வரைகள் தெரிந்தனவேயன்றிக் கம்பி இல்லை.

“அக்கா, இது விழுந்தது நல்லது, விழாமல் நின்றிருந்தால் ஒருநாள் முழுதாக விழுந்திருக்கும்” என்றார் மேசன். அவர் சுட்டுவிரலைத் தட்டின் அடியில் வைத்துக் காட்டினார். கம்பிக்கும் வெளிக்கும் இடையே இருந்த கொங்கிறீற்று அரை அங்குலமும் இல்லை. கடலோரத்தில் அஃது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அந்த ஒன்றரை அங்குலத்தை ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடித்தார். கம்பியை உயர்த்தி வைக்கும் சிறு சீமெந்துக் கட்டைகளைக்கூட இடவில்லை. கம்பி பலகையிலே படுத்துக் கிடக்கக் கொங்கிறீற்றை வார்த்து விட்டனர்.

அந்த ஒப்பந்தக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அமைதியடைய என்னால் இயலவில்லை. கொங்கிறீற்றுக்கு உவரற்ற மணல் வேண்டும். ஆற்று மணல் பெருநிலத்திலிருந்து வரவேண்டும். அதன் விலையோடு லொறியும் வள்ளமும் கூலியும் சேரும்போது ஏழை வீட்டுக்காரி கடற்கரை மணலைப் பார்க்கிறாள். குழைக்கவும், வார்த்தபின் பல நாள் நனைக்கவும் நன்னீர் வேண்டும். எங்கள் கிணறுகளிற் பெரும்பாலானவை உவர். குடத்து நீரை எண்ணி எண்ணிக் குடிக்கும் ஊரில், சுவருக்கு நன்னீர் வார்ப்பவர் யார்? ஆகவே மணலிலும் உப்பு, நீரிலும் உப்பு, கம்பியிலும் கடல் தெறித்த உப்பு. வெளியிலிருந்து கடல் வந்து தாக்கும்வரை காத்திராமல், வறுமை கடலை உள்ளேயே வைத்துப் பூசிவிடுகிறது. சாந்து குழைத்துக் கொடுப்பவரை எம் நாட்டில் ‘முட்டாள்’ என்றழைக்கும் வழக்கம் உண்டு. அவருக்கு இவையெல்லாம் தெரியும். அவரிடம் கேட்பவர்தாம் இல்லை.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1990 இல் வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே சீமெந்தும் இரும்பும் இடம்பெற்றன. அவ்வாண்டிலேயே காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. தீவகத்து மக்களிற் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். ஆளற்ற வீடுகளிலிருந்து கதவும் நிலையும் ஓடும் கம்பியும் கழன்று போயின. ஒரு தலைமுறைக் காலம் கட்டடத் தொழிலே தளர்ந்தது. தந்தையிடமிருந்து மகன் கற்கவேண்டிய கைப்பழக்கம் அறுந்தது. போர் முடிந்ததும் பல்லாயிரம் வீடுகளைக் குறித்த திகதிக்குள் கட்டி முடிக்க வேண்டுமென்ற அவசரம் வந்தது. கற்றுத் தேறாத கைகளும், தவணை தவணையாக வந்த பணமும், மேற்பார்வையற்ற வேலையும் ஒன்றுகூடின. சின்னம்மாவின் தட்டு அந்த அவசரத்தின் பிள்ளை.

அதே தீவில், அதே காற்றில், நாகபூஷணி அம்மன் கோயிலின் கீழைக்கோபுரம் 108 அடி உயர்ந்து நிற்கிறது. இக்காலத்துக் கோபுரங்களின் சுதைச் சிற்பங்களுக்குள்ளும் கம்பியே எலும்பு. நீட்டிய கையும் தூக்கிய காலும் கம்பியின்றி நில்லா. கடற்கரைக் கோயில்களில் அக்கம்பிகளும் துருவேறவே செய்யும். ஆயினும் கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை திருப்பணி என்றொரு மரபு உண்டு. சாரம் கட்டி ஏறுவர், வெடிப்பைத் தட்டிப் பார்ப்பர், பழுதைக் கொத்தி எடுத்துப் புதிதாய்ப் பூசுவர், பின்னரே குடமுழுக்கு. நம் முன்னோர் பொருளின் அழிவை அறிந்தே சடங்கை வகுத்தனர் என்று நான் நினைப்பதுண்டு. சின்னம்மாவின் தட்டும் பன்னிரண்டாம் ஆண்டிலேதான் விழுந்தது. மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் திருப்பணி என்றொரு நியதியை நாம் ஏன் வகுக்கவில்லை? வீடு கட்டக் கொடுத்தவர்கள், அது கட்டி முடிந்த நாளிலே படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பராமரிப்புக்கென ஒரு சதமும் எந்தத் தவணையிலும் இருக்கவில்லை.

இரும்பை எப்படிக் காப்பது என்பது உலகம் அறியாத இரகசியமன்று. எங்களுக்கு எதிர்க்கரையான பாம்பனில் 1914 இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம், இடையறாத பராமரிப்பினால் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலே துருவேறா உருக்குக் கம்பிகளை இட்டிருக்கின்றனர். அரசு மனம் வைத்தால் இரும்பைக் கடலின் நடுவிலும் காக்கலாம் என்பதற்கு அது சான்று.

ஆனால் எங்களுக்கு அரசு வைத்த மனம் வேறு வகையானது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் என்றொரு திட்டம் முன்வைக்கப்பட்டது. பன்னாட்டு உருக்கு நிறுவனம் ஒன்று தொழிற்சாலையிற் செய்த பாகங்களைக் கொணர்ந்து பொருத்துவதே திட்டம். வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இந்திய உதவியில் எழுந்த கல்வீட்டுக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பு குடும்பமொன்றுக்கு வழங்கப்பட்டது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. உருக்கு வீடு வெப்பத்துக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்றதன்று, உள்ளூர் மேசனுக்கு அதில் வேலையில்லை, பழுதுபட்டாற் திருத்தவும் உள்ளூரில் வழியில்லை என்று பொறியியலாளரும் பொதுமக்களும் எதிர்த்தனர். எதிர்ப்பின் விளைவாக அத்திட்டம் அவ்வுருவில் நிறைவேறவில்லை. சுவருக்குள் ஒளிந்திருக்கும் கம்பியையே காக்க வழியற்ற மக்களுக்குச் சுவரையே இரும்பாக்கிக் கொடுக்க எண்ணியவர்கள், ஒருநாளேனும் எங்கள் கரையில் ஒரு ஆணியை வெயிலில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

கம்பியே வேண்டாம் என்பது என் கட்சியன்று. லம்போவின் படகு காட்டிய வழி ஏழைக்கும் உரியது. மெல்லிய கம்பிவலையிற் சாந்து பூசிச் செய்யும் மழைநீர்த் தொட்டிகள், 1995 இலிருந்து பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5,000 லீற்றர் கொள்ளளவில் வீட்டுக்கு வீடு கட்டப்பட்டன. மாரி மழையைப் பிடித்துவைத்தால் குடிக்கவும் ஆகும், கொங்கிறீற்றுக் குழைக்கவும் ஆகும். வலை நாகமுலாம் பூசியதாய் இருக்க வேண்டும். துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் இயல்புடையது. நாகத்தின் பெயர் தாங்கிய தீவுக்கு நாகத்தின் காவல் இன்னொரு வகையிலும் வேண்டியிருக்கிறது! முலாமும் முடிவற்றதன்று, சாந்து நெருக்கமாகவும் உப்பற்றதாகவும் இருந்தாலே அது நீடிக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் பெரியவையல்ல. தீவுகளிற் கட்டப்படும் வீட்டுக்கு, ஏற்றுக்கூலியைச் சேர்த்துக் கணக்கிட்ட உதவித்தொகை வேண்டும். உவரற்ற மணலும் முலாம் பூசிய வலையும் கூட்டுறவுச் சங்கத்தில் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். கம்பிக்கு மேல் இரண்டங்குலம் இருக்கிறதா என்று, வார்ப்பதற்கு முன்பு வந்து பார்க்கும் அலுவலர் வேண்டும். வார்த்தபின் வந்து கையொப்பமிடுபவரால் பயனில்லை. எங்கள் இளைஞர்க்கு மேசன் வேலையை முறையாகக் கற்பிக்க வேண்டும். தேவையற்ற இடத்தில் இரும்பை இடாமலிருக்கவும் அவர்கள் கற்க வேண்டும். பனைவளையும் ஓடும் போதுமான இடத்திலே கொங்கிறீற்று அந்தஸ்து வேண்டாம்.

சின்னம்மாவின் தட்டை மேசன் முற்றாக இடித்துவிட்டார். அவ்விடத்திற் பனைமரச் சிலாகையும் ஓடும் ஏறியிருக்கின்றன. ஈட்டிலுள்ள காதணிகள் இன்னும் மீளவில்லை. தீவகத்தில் இத்தகைய தட்டுகளின்கீழ் இன்றிரவும் பிள்ளைகள் உறங்குகிறார்கள். பழுப்புக் கறை வழியும் தட்டு உங்கள் வீட்டிலும் இருக்குமாயின், வெள்ளையடித்து மறையாதீர்கள். ஒரு மேசனை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.