சிங்கப்பூரா, சோழவந்தானா?

மதுரையில் அரசரடிப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பாதி வீடுகளில் வயதான தம்பதிகள் மட்டும்தான். பிள்ளைகளெல்லாம் துபாய், அமெரிக்கா, சிங்கப்பூர். சாயங்காலம் பூ தொடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்: “போயிடலாமா, இருந்திடலாமா மதினி?”

எங்களுக்கும் அந்தக் கேள்வி வந்தது. இவர் ரயில்வேயில் ரிடையரானவர். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மாமனார் கட்டிய சோழவந்தான் வீட்டுக்குப் போகலாம் என்பது எங்கள் எண்ணம். மகனோ, “அந்த வீட்டை வித்துட்டு இங்கேயே வந்திடுங்கம்மா” என்கிறான். மருமகளும் சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறாள். பேத்திக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆளில்லை. பதில் சொல்லுமுன் ஒரு மாதம் போய் இருந்து பார்த்தோம்.

வாஸ்தவத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த ஊர் பிடித்துப் போயிற்று. தனி நாடான 1965-ல் அங்கே ஜனத்தொகை 19 லட்சத்துக்கும் குறைவு. 2024-ல் 60 லட்சம். இத்தனை பேரை ஒரு சின்னத் தீவில் வைத்துக்கொண்டு தெருவில் ஒரு குப்பை இல்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகையில் தமிழைப் பார்த்ததும் இவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தேக்கா சந்தையில் முருங்கைக்காயிலிருந்து வாழைப்பூ வரை கிடைக்கிறது. சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரம் தொங்குகிறது. விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது! 1827-ல் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டிருக்கிறார்கள். வயதானவர்கள் அங்கே உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். கல்யாணமும் அங்கேதான், சாவு வீடும் அங்கேதான்.

அதே ஊரில், சாப்பாட்டுக் கடைகளில் எச்சில் தட்டு எடுப்பவர்களில் எழுபதைத் தாண்டியவர்களையும் பார்த்தேன். சம்பாதிக்கும்போதே சேர்த்து வைக்க 1955-லிருந்து அங்கே சேம நிதி இருக்கிறது. அது அந்த ஊர்க்காரர்களுக்கு. அறுபது வயசில் போய் இறங்குகிற நமக்கு அதில் ஏது பங்கு?

அதைவிடப் பெரிய விஷயம் ‘பாஸ்’. எங்கள் வீட்டில் பாஸ் என்றால் ரயில்வே பாஸ்தான். அங்கே பெற்றோர் வருஷக்கணக்கில் தங்குவதற்கு வேறொரு பாஸ். வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை அதைக் கேட்டு வாங்க, அவனுக்கு மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். நம் பணத்தில் ஏழு லட்சத்துக்கும் மேலே. மகனுக்கு அது இருக்கிறது. ஆனால் அவன் வேலை போனால் அவன் பாஸ் போகும். அத்தோடு எங்கள் பாஸும் போகும். வீட்டையும் விற்றுவிட்டு, எழுபத்தைந்து வயசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே திரும்புவது?

வைத்தியச் செலவும் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியின் சலுகைக் கட்டணமும், 2015-ல் வந்த மருத்துவக் காப்பீடும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். இவருக்குச் சர்க்கரை, எனக்கு முட்டிவலி. இங்கே ரயில்வே ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஆயுளுக்கும் வைத்தியம் உண்டு. அந்த அட்டை கடல் தாண்டாது. கண்ணுக்கு, 1976-ல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் இருக்கிறது. பென்ஷன் எங்கே இருந்தாலும் வரும், நவம்பரில் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சான்று மட்டும் கொடுக்க வேண்டும். அதை இப்போது கைபேசியில் முகம் காட்டியே முடித்துவிடலாம்.

இனி சோழவந்தான். மதுரையில் ரயிலேறினால் வைகைப் பாலம், கூடல்நகர், சமயநல்லூர், அப்புறம் தென்னந்தோப்பு. 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே திரும்பியதால் இந்தப் பக்கமெல்லாம் நெல். நடுநடுவே அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிக்கால். இந்த வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா. பென்ஷன் பணத்தில் கௌரவமாகச் சாப்பிடலாம், யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இவருக்கு நெஞ்சு வலித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரைதான் வரவேண்டும். சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேத்தியின் குரல் கைபேசியில் மட்டும்தான் கேட்கும். இதை லேசாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

வீட்டை விற்பதில்லை என்று தீர்மானித்தோம். குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து போகிற கக்கூஸ், எல்லாம் போட்டாயிற்று. பக்கத்துத் தெரு ஆட்டோக்காரத் தம்பியிடமும் ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வரவேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அவசரத்துக்கு 108 இருக்கிறது. தை பிறந்ததும் சிங்கப்பூருக்குப் போய் ஒரு மாதம் இருப்போம். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு வெகு முன்னமே இங்கே வந்துவிடுவோம். ஜூன் மாதம் அங்கே பள்ளிக்கூடம் நாலு வாரம் லீவு. பேத்தியை இங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

மகன் சரி என்றுவிட்டான். “மத்த பத்து மாசம் என்ன பண்றது அத்தை?” என்று மருமகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். பள்ளி நேரம் முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் இடம் கேட்டிருக்கிறாள். அந்தச் செலவில் பாதியை எங்கள் பென்ஷனிலிருந்து கொடுப்பதாகச் சொன்னோம். இன்னும் பதில் வரவில்லை.