அம்மாவின் பத்தரை மணி

அக்கா பாரீசுக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம் ஏழு மணிக்கே கார் வந்துவிட்டது. விமானம் நள்ளிரவுக்குப் பிறகுதான். ஆனால் புதுச்சேரித் தேங்காய்த்திட்டிலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கே போய் இன்னொரு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் லாஸ்பேட்டையிலும் விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அதன் சின்ன ஓடுபாதையில் பெரிய விமானம் இறங்க முடியாது.

சென்னையிலிருந்து பாரீஸ் வான்வழியே ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். சுவரில் மாட்டும் வரைபடத்தில் கோடு இழுத்தால் அது அரேபியாவைத் தொட்டு, மத்தியதரைக் கடலோரமாகப் போகும். உலக உருண்டையில் நூலைப் பிடித்து இழுத்தால் அதே வழி குஜராத், ஈரான், கருங்கடல் என்று வடக்கே ஏறிவிடுகிறது. உருண்டையில் அதுதான் குறுக்குவழி. மணிக்கு 900 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஒன்பது மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் நேர் விமானமாக இருந்தாலும் பத்தரை மணி நேரம் ஆகும். விமானம் பறக்கும் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. எங்கள் துறைமுகத்துப் படகுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அக்கா வாழ்க்கைப்பட்டது ஒரு சொல்தா குடும்பத்தில். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, எந்த நாட்டுக் குடியுரிமை என்று முடிவு செய்ய இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. அக்கா கணவரின் தாத்தா பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். இந்த 8,000 கிலோமீட்டர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்த ஒரு கையெழுத்தால்தான் என்று எனக்குத் தோன்றும்.

அம்மாவுக்குக் கிலோமீட்டர் பிடிபடவில்லை. அவளுக்குத் தூரம் என்றால் போன் வரும் நேரம். அக்கா வேலை முடிந்து அங்கே ஆறு மணிக்குக் கூப்பிடுவாள். கோடையில் நமக்கு அது ஒன்பதரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை பத்தரை.

"குளிர்காலம் வந்தா அவ இன்னும் தள்ளிப் போயிடறாப்பா" என்பாள் அம்மா. தூரம் மாறவில்லை என்று முதல் வருஷம் விளக்கினேன். பிறகு விட்டுவிட்டேன். எட்டரைக்கே கண் சொருகும் எழுபது வயதுக்காரிக்கு அந்த ஒரு மணி நேரம் மெய்யான தூரம்தான்.

இப்போதெல்லாம் நவம்பர் பிறந்தால் அம்மா மத்தியானமே பாய் விரித்து ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடுகிறாள்.