பழி யாரைச் சேர்ந்தது?

எங்கள் தோட்டத்து லயத்தில் 1985-ஆம் ஆண்டு என் அத்தைக்கு ஒரு பெண் மகவு பிறந்தது. கண்மணிகளில் வெண்படலம், செவி கேளாது, தலை சிறுத்திருந்தது, சில நாட்களிலேயே வலிப்பும் கண்டது. "கிரகணத்தன்று முற்றத்தில் இறங்கினாள், அதன் பலன் இது" என்றார் என் பாட்டி. அயலாரும் அவ்வாறே கூறினர். அத்தை மறுமொழி கூறினாரில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டொன்று அவரது தகரப் பெட்டியில் கிடந்தது. அஃது ஆங்கிலத்தில் இருந்தமையால் வீட்டில் எவருக்கும் விளங்கவில்லை. நான் கிராணி வேலைக்கு வந்த பின்னர், வேறொரு காகிதம் தேடுங்கால் அதனைக் கண்டு படித்தேன். 'பிறவி ருபெல்லா' என்று எழுதியிருந்தது.

ருபெல்லா என்பது ஜெர்மன் தட்டம்மை. தாய்க்கு அது பெரும்பாலும் மூன்று நாள் சிவப்புத் தடிப்பே. ஆனால் கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் கண்டால், அவ்வைரஸ் கிருமி நஞ்சைக் கடந்து கருவை அடைகிறது. உயிரணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. மூளையும் கண்ணும் செவியும் இருதயமும் உருவாகும் காலம் அதுவன்றோ!

இவ்வுண்மையை 1941-இல் வெளியிட்டவர் சிட்னி நகரக் கண் வைத்தியர் நார்மன் கிரெக். கண்புரையுடன் பிறந்த 78 குழந்தைகளை ஆராய்ந்ததில், 68 குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் இந்நோய் கண்டிருந்தது. அவர் தாய்மாரைப் பழிக்கவில்லை. அவர்கள் கூறியதைச் செவிமடுத்தார். நம்மவரோ தாயைக் கேளாது வானத்தைப் பார்த்தோம்!

சீட்டின் பொருளை அத்தைக்கு எடுத்துரைத்தேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் நான் முற்றத்தில் இறங்கியதால் இல்லையா, தம்பி?" என்றார். "இல்லை, அத்தை" என்றேன். அதைக் கேட்கப் பாட்டி உயிருடன் இல்லை.

இந்நோய்க்குத் தடுப்பூசி 1969-இல் வந்துவிட்டது. மலேசியாவில் முதலில் 12 வயதுப் பள்ளிச் சிறுமியருக்கும், 2002 முதல் கூட்டுத் தடுப்பூசியாகக் குழந்தைகளுக்கும் அது போடப்படலாயிற்று. என் அத்தையின் இளமையில் அவ்வாய்ப்பு இல்லை. நம் பெண்களுக்கு உண்டு. கர்ப்பமுற்ற பின் அவ்வூசி போடலாகாது. ஆகவே மணமாகுமுன்னரே போட்டுக்கொண்டாயிற்றா என்று கேளுங்கள்.

தோழர்களே! ஜாதகக் குறிப்பைப் பத்திரப்படுத்தும் நாம், தடுப்பூசிச் சீட்டையும் பத்திரப்படுத்துவோமாக. படிக்கத் தெரிந்தவர், தெரியாதவருக்கு அதனைப் படித்துக் காட்டுவோமாக.