பூவை விடு, தண்ணீரைப் பார்

அரியலூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள கதிருக்கு,

ஹாப்ஸ் பூவை இரண்டு முறை மாற்றியும், நீ காய்ச்சும் பியரின் கசப்பு நாக்கில் கரகரவென்று ஒட்டுகிறது என்று எழுதியிருந்தாய். பூவின் மேல் குற்றமில்லை; தண்ணீரைப் பார்.

நம் வீட்டுப் போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாதே, நினைவிருக்கிறதா? வெந்நீர்த் தவலைக்குள் படியும் வெள்ளைப் பொருக்கைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்வாள் சித்தி. சுண்ணாம்புக்கல்லில் ஊறிவந்த பைகார்பனேட்தான், கொதித்ததும் அப்படிப் படிகிறது. உன் லண்டன் தண்ணீரும் சுண்ணப்பாறையில் ஊறியதுதான். மால்ட் ஊறலுக்கு வேண்டிய லேசான புளிப்பை அது அடித்துவிடும், கசப்பு முரடாகும். வறுத்த மால்ட்டின் புளிப்பு அதற்கு ஈடுகொடுக்கும். அதனால்தான் லண்டனுக்குக் கறுப்பு போர்ட்டர் பியர் வாய்த்தது.

ஹாப்ஸ் தூக்கலான இளநிற பியர் வாய்த்தது இங்கிலாந்தின் பர்ட்டன் ஊருக்கு. அங்கே நிலத்தடியில் ஜிப்சம். அதன் சல்பேட் கசப்பைத் துலக்கமாக்கி, வாயில் தங்காமல் முடித்துவைக்கும். 1820களுக்குப் பிறகு லண்டன் பியரை முந்திக்கொண்டு நம் நாட்டுக்குக் கப்பலேறியது பர்ட்டன் பியர்தான்.

ஜிப்சத்தோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். சிமென்ட் சட்டென்று இறுகாமல் பிடித்துவைப்பது அதுதான் என்பதால், ஆலை லேபில் தினமும் சோதித்திருக்கிறேன். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது உன் அப்பா போடுவாரே, அதே பொடி. போன மாதம் பெரம்பலூர்ப் பக்கம் காரைக்குப் போயிருந்தேன். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த களிமண் மேடுகள். சிப்பிகளுக்கு நடுவே நரம்பு நரம்பாக ஜிப்சம் வெயிலில் மின்னியது. நகத்தால் கீறினேன், பொடியாக உதிர்ந்தது. பர்ட்டனுக்குப் பேர் வாங்கித் தந்த கல் நம் மண்ணிலும் கிடக்கிறதே என்று மனசு நிறைந்துபோயிற்று.

முதலில் உன் குழாய்த் தண்ணீரின் ஆய்வறிக்கையை வாங்கிப் பார். பிறகு தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேலே உள்ளதை இறுத்துக்கொள். அதில் 20 லிட்டருக்கு 6 கிராம் ஜிப்சம் கரை. லிட்டருக்கு 165 மில்லிகிராம் வரை சல்பேட் கூடும். பொருக்குக்குப் புளி எப்படியோ, மால்ட் ஊறலுக்கு லாக்டிக் அமிலம் அப்படி, பி.எச். 5.3 வரும்வரை சொட்டுச் சொட்டாக விடு. வயலுக்குப் போடும் ஜிப்சம் ஆகாது, உணவுத் தரமுள்ளதையே வாங்கு. அளவையும் கூட்டாதே, கூடினால் கல் ருசி தட்டும்.

பூவும் மால்ட்டும் பழையபடியே இருக்கட்டும். தண்ணீர் மட்டும் மாறினால்தான் எது எதனால் என்று தெரியும். குடித்துப் பார்த்ததும் எழுது. பொங்கலுக்கு வா, காரைக்குக் கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா