செய்து பார்

லத்தீனில் 'எக்ஸ்பெரிரி' என்றால் முயன்று பார்ப்பது. எக்ஸ்பெரிமென்ட், எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பர்ட் மூன்றும் அதன் பிள்ளைகள். ஆபத்தைக் குறிக்கும் 'பெரிகுலும்' அதே குடும்பம். கிரேக்கப் பங்காளி 'பெய்ரா'; அதற்கும் முயற்சி என்றே பொருள். கடற்கொள்ளைக்காரனான 'பைரேட்' அந்தக் கிளையில் வந்தவன். ஆய்வுக்கூடத்தாருக்கு இப்படியும் ஒரு சொந்தக்காரன்!

*

ஆதியாகமம் 42ஆம் அதிகாரம். தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன்மாரை யோசேப்பு ஒற்றர்கள் என்று குற்றம்சாட்டி, சோதிக்கப்போவதாகச் சொல்கிறான். ஜெரோமின் லத்தீன் பைபிளில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'எக்ஸ்பெரிமெண்டும்'. ஆராயப்படுவது பொருள் அல்ல, ஆள்.

*

இடைக்கால ஐரோப்பாவில் இந்தச் சொல் மருந்துச் செய்முறைகளுக்கும் பெயர். ஒருவர் கொடுத்துப் பார்த்து, நோய் தீர்ந்தால் அது ஓர் 'எக்ஸ்பெரிமெண்டும்'. நம் வைத்தியர்கள் 'கைகண்ட மருந்து' என்பார்களே, ஏறக்குறைய அதுதான். திருடனைக் கண்டுபிடிக்கும் மந்திரத்துக்கும் ஏடுகளில் இதே தலைப்பு. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் அன்று ஒரே அலமாரி.

*

1657இல் ஃபிளாரன்ஸில் மெடிசி குடும்பத்தார் ஓர் அறிவியல் கழகம் தொடங்கினார்கள். பெயர் அக்காதேமியா தெல் சிமெந்தோ. கலிலியோவின் சீடர்களும் அதில் இருந்தார்கள். கண்ணாடி வெப்பமானிகள் செய்தார்கள். வெள்ளிப் பந்தில் தண்ணீரை நிரப்பி, மூடி, சுத்தியலால் அடித்து, தண்ணீர் அழுந்துமா என்று பார்த்தார்கள். அழுந்தவில்லை; உலோகத்தின் நுண்துளை வழியே கசிந்து வெளியே வந்தது. 1667இல் வந்த அவர்களுடைய நூலில் எந்தச் சோதனையை யார் செய்தார் என்ற பெயரே இல்லை. இன்றைய ஆய்வுக்கட்டுரைக்காரர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா?

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெயர். 'சிமெந்தோ' என்பது பொற்கொல்லர்கள் தங்கத்தைப் புடம்போட்டுச் சுத்தம் பண்ணப் பயன்படுத்திய உப்புக் கலவை. பிறகு அந்தப் பரீட்சைக்கே பெயராயிற்று. அதற்கும் பிறகு, மனிதன் மாட்டிக்கொள்ளும் இக்கட்டுக்கு.

தமிழ்ச் 'சோதனை'யும் இதே வழியில் நடந்திருக்கிறது. வடமொழி மூலத்துக்குச் சுத்தம் செய்வது என்று பொருள். இப்போது ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் சோதனை, ரத்தம் எடுப்பதும் சோதனை, வருமான வரிக்காரர்கள் வீடு புகுவதும் சோதனை. "என்னடா இது சோதனை!" என்று தலையில் கைவைப்பவர் ஆய்வுக்கூடத்தை நினைக்கவில்லை. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஃபிளாரன்ஸ் பட்டறையும் தமிழும் ஒரே மூன்று படிகளில் இறங்கியிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நெருப்பில் போட்டால் தங்கத்தின் தரம் தெரிந்துவிடும் என்பது இரண்டு ஊர்த் தட்டாருக்கும் தெரியும்.

*

சோதனைவழி அறிவுக்காக வாதாடிய ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேகன் 1626இல் இறந்தார். கோழியின் வயிற்றில் பனியை அடைத்து, இறைச்சி கெடாமல் இருக்குமா என்று பார்க்கப்போய்க் குளிர் கண்டு செத்தார் என்பது வாழ்க்கை வரலாற்றாளர் ஜான் ஆப்ரி எழுதிவைத்த கதை. ஆப்ரியை முழுக்க நம்ப முடியாது. ஆனாலும் பெரிகுலும்!

*

காந்தி தன் வரலாற்றுக்குக் குஜராத்தியில் வைத்த பெயரில் இருப்பது 'பிரயோகோ'. இந்தியிலும் தெலுங்கிலும் ஆய்வுக்கூடச் சோதனைக்கு அதுதான் சொல். தமிழில் பிரயோகம் வேறு வேலைக்குப் போய்விட்டது: வார்த்தைப் பிரயோகம், தடியடிப் பிரயோகம், அதிகார துஷ்பிரயோகம். சத்தியப் பிரயோகம் என்று போட்டிருந்தால் சத்தியத்தை யார் மீதோ ஏவுவதுபோல் இருந்திருக்கும். ரா. வேங்கடராஜுலுவின் தமிழாக்கம் 'சத்திய சோதனை' ஆயிற்று. அதில் ஒரு கூடுதல் வரவு. குஜராத்தித் தலைப்பில் காந்தி சத்தியத்தை வைத்துச் சோதனை செய்கிறார். தமிழ்த் தலைப்பில் சத்தியமும் அவரைச் சோதிக்கிறது. மூலத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

வெள்ளோட்டம் நல்ல சொல். புதுத் தேருக்கும் புதுக் கப்பலுக்கும் உரியது. அரசாணைகள் மட்டும் ஏனோ 'பரீட்சார்த்த முறையில்' என்று இழுக்கின்றன.

*

தமிழில் இதற்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை. எந்த வினையோடும் 'பார்' சேர்த்தால் போதும்: தின்றுபார், கேட்டுப்பார், தட்டிப்பார், போட்டுப்பார். செய்வது முதலில், காண்பது பிறகு. அடிபட்டுக் கிடைப்பதற்கும் தனிச்சொல் உண்டு, பட்டறிவு. பிரெஞ்சுக்காரருக்கு இந்த வசதி இல்லை. சோதனைக்கும் அனுபவத்துக்கும் அவர்கள் பொதுவாகச் சொல்வது 'எக்ஸ்பெரியான்ஸ்' என்ற ஒரே சொல்லைத்தான்.